வேன் வேண்டாம், நோட்டை எடுங்கள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மகளிர் குழுச் சகோதரிகளுக்கு ஒரு திறந்த மடல்



"குழந்தைக்கு இதயத்துல ஓட்டையாம், மெட்ராசுக்கு எழுதிக் குடுத்துட்டாங்களாம்." இந்தச் செய்தி ஒரு தெருவுக்குள் நுழைந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று சாயங்காலமே அந்த வீட்டுத் திண்ணை நிறைந்துவிடும். நூறும் இருநூறுமாக மடித்துக் கைக்குள் திணிப்பார்கள். ஒருத்தி சிறுவாச்சூர் காளிக்கு வேண்டிக்கொள்வாள், இன்னொருத்தி ஏலாக்குறிச்சி மாதாவுக்கு. நாலாம் நாள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வேன் பிடித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாகப் பத்துப் பதினைந்து பேர் சென்னைக்குக் கிளம்புவார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நின்று, குழந்தையைப் பார்க்க முடியாமல், தாயைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு இரவோடு இரவாகத் திரும்புவார்கள். அதற்குப் பிறகு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். குழந்தை அங்கேயே இருக்கும்.

பாசத்துக்கு எந்த ஊரிலும் குறைவில்லை. அது வந்து சேரும் நேரமும் வழியும்தான் கோளாறு. அந்த வேன் வாடகையில் குழந்தையின் அப்பா எத்தனை நாள் மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கலாம் என்று வேனில் ஏறிய யாரும் கணக்குப் போடுவதில்லை.

இந்த மடல் பஞ்சாயத்துத் தலைவருக்கோ இளைஞர் மன்றத்துக்கோ எழுதப்படாமல் உங்களுக்கு எழுதப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 1989-இல் தருமபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் தொடங்கின. இன்று வேப்பந்தட்டையிலிருந்து தா.பழூர் வரை குழு இல்லாத ஊரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். உங்களிடம் சேமிப்பு இருக்கிறது, உள்கடன் இருக்கிறது, தீர்மான நோட்டு இருக்கிறது, நோட்டில் எழுதியதை மறுகூட்டத்தில் கேட்கிற வழக்கமும் இருக்கிறது. கிராமத்தில் தவறாமல் கூடி, காசை எண்ணி, கையெழுத்துப் போட்டுக் கலைகிற வேறு அமைப்பு எது? நெடுநாள் நோய்க்கு உதவ நெடுநாள் கூடுகிறவர்களால்தான் முடியும்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. பெரம்பலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை உண்டு, அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் முதல் உதவியெல்லாம் இங்கேயே கிடைக்கும். பிறவி இதயக் கோளாறு, கல்லீரல் பித்தநாள அடைப்பு, குடல் அடைப்பு என்று பெரிய காரியமாக இருந்தால் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, தஞ்சாவூர், புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. அல்லது 800-க்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. எழும்பூர் என்றால் பெரம்பலூரிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர். பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது. பஸ் ஏறினால் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து எழும்பூருக்கு இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல், மூட்டையோடு. விவரம் தெரிந்தவர்கள் அரியலூர் போய் பல்லவனிலோ மலைக்கோட்டையிலோ ஏறுவார்கள். எழும்பூர் நிலையத்தில் இறங்கினால் ஆஸ்பத்திரி பக்கம்தான். ஆனால் எழும்பூர் நிலையத்தில் கட்டுமான வேலை நடக்கும்போது சில வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன, கேட்டுவிட்டு ஏறச் சொல்லுங்கள். இதய அறுவைக்குப் போகும் நோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. அதற்கு மருத்துவமனைச் சான்று வேண்டும். இதைக் கேட்டு வாங்கத் தெரியாமல் முழுக் காசு கொடுத்துப் போய்வரும் குடும்பங்கள் இருக்கின்றன.

தூரத்தைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பிள்ளை அறுவைப் பிரசவத்தில் பிறந்திருக்கும். இரண்டாம் நாளே மூச்சுத் திணறும். 108-இல் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே இருக்கும் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். குழந்தையும் அப்பாவும் சென்னையில், தையல் காயாத தாய் பெரம்பலூரில். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிக் கிடக்கும். பீய்ச்சி எடுக்கச் சொல்லித்தரவும் ஆளிருக்காது. அந்த நேரத்தில் தாயின் பக்கத்தில் இருக்க வேண்டியது கூட்டமல்ல, பிள்ளை பெற்று வளர்த்த, அனுபவமுள்ள ஒரே ஒரு பெண். குழு கூடி முதலில் தீர்மானிக்க வேண்டியது இதைத்தான்: தாயோடு யார், சென்னையில் அப்பாவோடு யார்? மாற்றி விட வருபவர் யார், எந்தக் கிழமை?

இனி பணம். ஊரில் பலர் நினைப்பது போல அறுவைச் சிகிச்சைச் செலவு அந்தக் குடும்பத்தைக் கவிழ்ப்பதில்லை. 2008-இல் கருணாநிதி ஆட்சியில் இளஞ்சிறார் இதயப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. மறு ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012-இல் ஜெயலலிதா ஆட்சியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது, 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. பெயர்ப் பலகைகள் மாறினாலும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்பது இன்று நடைமுறையில் இருக்கிறது. குழந்தைகளின் இதய அறுவையும் அதில் அடக்கம். சந்தேகம் என்றால் 1800 425 3993 என்ற இலவச எண்ணைக் கூப்பிடலாம். கூலி வேலை செய்யும் வீடுகளில்கூட காப்பீட்டு அட்டை இல்லாமல் இருப்பதுதான் வேதனை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போனால் கிடைக்கும் அட்டைக்கு, குழந்தை வெண்டிலேட்டரில் இருக்கும்போது சென்னையிலிருந்து ஓடிவரும் தகப்பன்கள் இருக்கிறார்கள். உங்கள் குழுவில் எத்தனை உறுப்பினரிடம் அட்டை இருக்கிறது என்று அடுத்த கூட்டத்தில் கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். பிறப்புச் சான்று வாங்குவது, குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பது போன்ற அலைச்சலையும் ஊரில் இருப்பவர் ஒருவர் தலைமேல் போட்டுக்கொண்டால் அந்த அப்பாவுக்கு இரண்டு மூன்று பயணம் மிச்சம்.

பிறகு எதில்தான் கவிழ்கிறது? சில்லறையில். வெளியில் எழுதிக் கொடுக்கும் ஒரு மருந்து, டயபர், ஆட்டோ, செல்போன் ரீசார்ஜ், மழை வந்தால் ஒரு ராத்திரி லாட்ஜ். அரசு மருத்துவமனை வளாகத்து அம்மா உணவகத்தில் 1 ரூபாய்க்கு இட்லியும் 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் கிடைக்கும் என்பதால் பசி அடங்கும். ஆனால் சம்பாத்தியம் நின்றுவிட்டதே! சித்தாள் வேலையும் நூறு நாள் வேலையும் போனால்தான் கூலி. மாதக்கணக்கில் இரண்டு பேரின் கூலியும் நின்றுபோன வீட்டில் முதலில் கழுத்துச் சங்கிலி போகும், பிறகு ஆடு போகும், அதன் பிறகு மீட்டர் வட்டிக்காரன் வருவான்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் சங்கடப்பட வேண்டிய ஒரு விஷயம். வங்கிக் கடனோடு, தனியார் மைக்ரோ ஃபைனான்ஸ் வாரத் தவணையும் அந்தப் பெண் தலையில் இருக்கும். அவள் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்பது அந்தக் கடனின் ஏற்பாடு. அதனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவளுக்கு முதல் போன் கம்பெனிக்காரனிடமிருந்து வருவதில்லை. "ஏண்டி, ஒன்னால நாங்க வெயில்ல உக்காந்திருக்கோம்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடமிருந்தே வருகிறது. கோபம் நியாயம்தான், அவளிடமும் காசில்லை. ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. கடன் வாங்கியவரையோ சொந்தக்காரரையோ மிரட்டவும் கூடாது. குழுவாகப் போய்க் கிளை மேலாளரைப் பார்த்து, மருத்துவச் சீட்டைக் காட்டி, தவணையைத் தள்ளிவைக்க எழுத்தில் கேளுங்கள். தனியாளாக அவள் கேட்டால் கிடைக்காத பதில் இருபது பேர் போய் நின்றால் கிடைக்கும். உங்கள் சொந்த உள்கடன் தவணையை ஆறு மாதம் நிறுத்திவைக்க யாரையும் கேட்க வேண்டியதே இல்லை, ஒரு தீர்மானம் போதும்.

கொடுக்கும் பணத்தை மொய் நோட்டில் ஏற்றாதீர்கள். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் வைத்தது திரும்பி வர வேண்டும், அது ஊர் முறை. நோய்க்குக் கொடுத்ததையும் அதே கணக்கில் எழுதினால் குணமாகி வந்த பிள்ளையோடு சேர்த்து ஒரு கடனும் வீட்டுக்கு வருகிறது. முதல் வாரம் மொத்தமாக 5,000 கொடுப்பதைவிட, மாதம் 1,000 என்று ஐந்து மாதம் அனுப்புவது உபயோகம். கூடிய கைக்காசு முதல் வாரத்திலேயே கரைந்துவிடும். ஐந்தாம் மாதம் பரிசோதனைக்குக் கூப்பிடும்போது பஸ் காசுக்குக்கூட யாரும் இருக்க மாட்டார்கள்.

"அப்போ அந்த 16 கோடி?" என்று யாராவது கேட்பீர்கள். 2021-இல் நாமக்கல் மாவட்டம் குமாரபாளையத்துக் குழந்தை ஒன்றுக்கு முதுகுத் தண்டுவடத் தசைச் சிதைவு நோய். அதற்கான ஒற்றை ஊசியின் விலை 16 கோடி. முகம் தெரியாதவர்கள் கொடுத்த பணம் சேர்ந்தது, மத்திய அரசு இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்தது, ஊசியும் போடப்பட்டது. அதே ஆண்டு கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்து மாட்டூலில் இன்னொரு குழந்தைக்காக 18 கோடி ரூபாய் சில நாட்களிலேயே திரண்டது. தேவைக்கு மேல் வந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம் என்று அறிவிக்கும் நிலை வந்தது. இரண்டும் பெருமைப்பட வேண்டிய நிகழ்வுகள். ஆனால் அவை அரிதிலும் அரிது. நம் மாவட்டத்துக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கோடி தேவைப்படுவதில்லை, சரியான நாளில் பத்தாயிரம் தேவைப்படுகிறது. குழாய் செருகிய குழந்தையின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டால்தான் காசு வரும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். அந்தப் படத்தை எவனோ எடுத்து, கீழே தன் க்யூ.ஆர். கோடை ஒட்டிக்கொள்வது நடக்கிறது. பணம் திரட்டித் தரும் இணையதளங்களும் சேவைக் கட்டணமென்றோ 'டிப்ஸ்' என்றோ ஒரு பங்கு எடுப்பதுண்டு. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குடும்பத்தின் வங்கிக் கணக்கு எண்ணும் குழுப் பிரதிநிதியின் குரலும் போதும், படம் எதற்கு?

காஞ்சிபுரத்துக் கதை ஒன்று உண்டு. 1998 நவம்பரில், இந்தியாவில் ஒரு குழந்தைக்கு முதன்முதலாக வெற்றிகரமாகக் கல்லீரல் மாற்று அறுவை நடந்தது டெல்லி அப்போலோவில். குழந்தை காஞ்சிபுரத்துப் பிள்ளை, இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. பித்தநாள அடைப்போடு பிறந்தவன். அப்பாவின் கல்லீரலில் ஒரு துண்டை எடுத்து வைத்தார்கள். தமிழ் பேசும் ஒரு குடும்பம், இந்தி ஊரில், நாட்டில் அதுவரை கைகூடாத ஒரு சிகிச்சைக்குத் துணிந்தது. அந்தக் குழந்தை வளர்ந்து, படித்து, இன்று மருத்துவராக இருக்கிறார்.

இதைச் சொல்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பித்தநாள அடைப்பைச் சீக்கிரம் கண்டால், ஜப்பானிய மருத்துவர் கசாய் கண்டுபிடித்த அறுவையைச் செய்யலாம். பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். அறிகுறி கண்ணில் படக்கூடியது: இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் காமாலை போகாது, மூத்திரம் துணியில் மஞ்சளாகக் கறை பிடிக்கும், மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருக்கும். இந்த 60 நாளில் ஊர் என்ன செய்கிறது? வெயிலில் காட்டச் சொல்கிறது. கீழாநெல்லி அரைத்து ஊற்றச் சொல்கிறது. தொக்கம் எடுக்க ஒரு கிழவியிடமும் உரம் எடுக்க இன்னொரு கிழவியிடமும் அனுப்புகிறது. எல்லாம் நல்லெண்ணம்தான், ஆனால் நாள் போய்விடுகிறது. பச்சைக் குழந்தைக்குக் கைவைத்தியம் சொல்லும் பாட்டிகள் உங்கள் குழுவிலேயே இருப்பார்கள். மலத்தின் நிறத்தைப் பார்க்கும்படி அவர்களிடம் சொல்லிவையுங்கள். அவர்கள் பேச்சுக்கு ஊரில் இருக்கும் மரியாதை சுகாதார நோட்டீசுக்குக் கிடையாது.

அதே வாய்கள்தான் தாயையும் கொல்கின்றன. "கிரகணத்துல வெளிய வந்திருப்பா." "ஒரே பிடியா போன் பாத்துக்கிட்டு இருந்தா." "வந்த ராசி." சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று ஒரு படித்தவர் வேறு விளக்குவார். தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டுவது சில பரம்பரை நோய்களுக்கு வாய்ப்பைக் கூட்டும் என்பது மருத்துவ உண்மை. அதைச் சொல்ல வேண்டிய இடம் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய பேச்சு. பிள்ளை தீவிர சிகிச்சையில் கிடக்கும்போது வராந்தாவில் சொல்வது மருத்துவம் இல்லை, குத்தல். பெரும்பாலான பிறவி இதயக் கோளாறுகளுக்கு இன்னது காரணம் என்று டாக்டர்களாலேயே சுட்டிச் சொல்ல முடிவதில்லை. மாமியார் வீட்டுப் பக்கம் இந்தப் பேச்சு எழும்போது எழுந்து நின்று அடக்க ஒரு குழு உறுப்பினர் போதும்.

இரத்தம் இன்னொரு தேவை. அறுவைக்கு முன்பு கொடையாளர்களை அழைத்துவரச் சொல்வார்கள், ஊரிலிருந்து ஆளைக் கூட்டிப்போவது வீண்செலவு. சென்னையில் கட்டட வேலையிலும் கம்பெனியிலும் கல்லூரியிலும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாமல் உடல்நலத்தோடு இருந்தால் போதும். அவர்களின் பெயர், இரத்த வகை, போன் நம்பர் மூன்றையும் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

இப்போது ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வருவோம். எல்லோரும் மறப்பது இதைத்தான். பெரம்பலூர்ப் பக்கமென்றால் மக்காச்சோளம் கதிர் பிடித்து நிற்கும், அல்லது சின்ன வெங்காயம் பட்டறையில் இருக்கும். நாலு நாள் யாரும் திரும்பிப் பார்க்காமல் மழை விழுந்தால் பட்டறையோடு அழுகும், அதோடு அந்த வருஷத்து வருமானமும் போச்சு. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கமென்றால் முந்திரிக் கொட்டை பொறுக்கும் நாளாக இருக்கலாம். மாடு கட்டுத்தறியில் கத்தும். சொசைட்டிக்கு ஊற்றும் பால் நின்றால் பணம் நின்றுவிடும். ஆளுக்கு ஒரு கிழமை என்று முறை போட்டுக் கறந்து ஊற்றி, அட்டையில் அவர்கள் பெயரிலேயே ஏற்றிவிடுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் கொடுக்கும் ஆயிரம் ரூபாயைவிட, "உன் மாடு நேத்து மூணு லிட்டர் கறந்துச்சு" என்ற ஒரு போன் அந்த மனுஷனைத் தூங்க வைக்கும்.

மூத்த பிள்ளை என்று ஒன்று இருக்கும். நாலு வயசோ ஏழு வயசோ. பாட்டி வீட்டில் விட்டிருப்பார்கள், பள்ளிக்கூடம் மாறியிருக்கும் அல்லது நின்றிருக்கும். தம்பி செத்துப்போவானா என்று திண்ணைப் பேச்சைக் கேட்டு அது தனக்குள் வைத்துக்கொண்டிருக்கும், யாரும் அதனிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளையைத் தினமும் பள்ளிக்குக் கூட்டிப்போய்விட்டு வருவதும், சாயங்காலம் அம்மாவோடு வீடியோ காலில் பேச வைப்பதும் காசில்லாமல் செய்யக்கூடிய வேலைகள்.

குழந்தை வீடு திரும்பிய பிறகும் கொஞ்சம் கட்டுப்பாடு வேண்டும். சளி, இருமல் உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. போனாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தூக்கக் கூடாது, முத்தம் கூடாது. குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை போடுவது பழக்கம்தான், அறுவை நடந்த குழந்தையின் நுரையீரலுக்கு அது ஆகாது. மாற்றுக் கல்லீரல் பெற்ற குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி போடலாம், எது கூடாது என்பதை டாக்டரிடம் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் பழைய சீட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் 18 வயது வரை இந்தக் குழுக்கள் பிள்ளைகளைப் பார்க்கின்றன.

கடைசியாக ஒன்று, இது உங்கள் ஊர் அளவைத் தாண்டியது. 1974-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆட்ரி எவன்ஸ் என்ற குழந்தைப் புற்றுநோய் மருத்துவரும், இரத்தப் புற்றுநோய் வந்த மகளுக்காக ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்த ஓர் அமெரிக்கக் கால்பந்து வீரரும் சேர்ந்து, நோயுற்ற குழந்தைகளின் பெற்றோர் தங்க ஒரு வீடு திறந்தார்கள். இன்று ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் என்ற பெயரில் பல நாடுகளில் அப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன. நம் நாட்டில் 2006-இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் அமைப்பு, புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் இலவசமாக அறையும் சமையலறையும் தருகிறது, சென்னையிலும் அதன் மையம் உண்டு. இதயத்துக்கும் கல்லீரலுக்கும் வரும் நம் மாவட்டத்துக் குடும்பங்களுக்கு எழும்பூரில் பாதுகாப்பாகத் தங்க ஓர் இடம் வேண்டும். ஆறேழு அறை, ஒரு பொதுச் சமையலறை, ஒரு காவலாளி போதும்.

பணம் எங்கே? அரியலூர் மண்ணைத் தோண்டிச் சுண்ணாம்புக்கல் எடுக்கும் சிமெண்ட் ஆலைகள் பல இருக்கின்றன. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் கடந்த மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூக நலனுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கேட்பதற்கு இடமும் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை. வருகிற கிராம சபையில் ஒவ்வொரு குழுவும் இந்த ஒரே கோரிக்கையை எழுதிக் கொடுங்கள்: பெரம்பலூர், அரியலூர் குடும்பங்களுக்கு எழும்பூரில் ஒரு தங்குமிடம். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு, நகலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.